செகாவும் கார்க்கியும்: கதைக்கு ஒரு யோசனை, காசுக்கு ஒரு யோசனை

கதை எழுதிப் பார்க்கும் இளைஞர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் கேட்கிறார்கள். "சார், இது கதையா வந்திருக்கா?" என்பது ஒன்று. "இதை எங்கே அனுப்பினால் போடுவாங்க, ஏதாவது கிடைக்குமா?" என்பது மற்றொன்று. முதல் கேள்வியைத் தைரியமாகக் கேட்பார்கள். இரண்டாவதைக் கேட்கும்போது குரல் இறங்கிவிடும், ஏதோ தகாததைக் கேட்டுவிட்டதுபோல. இலக்கியம் பேசுகிற நாமும் முதல் கேள்விக்கு ஒரு மணி நேரம் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதற்குச் சிரித்து மழுப்பிவிடுகிறோம்.

இரண்டையும் ஒளிவுமறைவில்லாமல் கடிதத்தில் பேசிக்கொண்ட இருவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அந்தோன் செகாவ், மக்சீம் கார்க்கி. 1898-ல் தொடங்கி 1904-ல் செகாவ் இறக்கும் வரை இவர்களுக்குள் கடிதப் போக்குவரத்து இருந்தது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. கதையை எப்படி எழுதுவது என்று மூத்தவர் இளையவருக்குச் சொன்னார். எழுதியதை எப்படி விற்பது என்று இளையவர் மூத்தவருக்குச் சொன்னார். முதல் யோசனையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். தேதிகள் அந்தக் கால ருஷ்ய நாட்காட்டிப்படி.

செகாவ் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால்தான் அவர் யோசனைகள் புரியும். 1860-ல் தாகன்ரோக் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். தாத்தா பண்ணையடிமையாக இருந்து, பணம் கட்டித் தன்னையும் குடும்பத்தையும் விடுவித்துக்கொண்டவர். அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். 1876-ல் கடன் முற்றி, கடன்காரர்களுக்குப் பயந்து மாஸ்கோவுக்கு ஓடிப்போனார். பையன் மட்டும் ஊரில் தங்கிப் படித்து முடித்து, 1879-ல் மாஸ்கோ போய் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். அங்கே போனால் வீட்டில் வறுமை. படித்துக்கொண்டே சம்பாதிக்க வேண்டும். நகைச்சுவைப் பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதத் தொடங்கினார்.

முதலில் எழுதிய பத்திரிகையின் பெயர் 'ஸ்த்ரெகஸா'. தட்டாம்பூச்சி என்று பொருள். அதில் 'தபால் பெட்டி' என்றொரு பகுதி உண்டு. வாசகர்கள் அனுப்பிய படைப்புகளுக்கு ஆசிரியர் பத்திரிகையிலேயே ஒற்றை வரியில் பதில் போடுவார். ஏற்றுக்கொண்டாலும் ஊரறியத்தான், திட்டினாலும் ஊரறியத்தான். 1880 ஜனவரியில் செகாவுக்கு வந்த பதில், மோசமில்லை, போடுகிறோம் என்ற பொருளில் இருந்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த பதிலோ, மலர்வதற்கு முன்பே வாடுகிறீர்களே என்று கேட்டது. இருபது வயதுப் பையன் அதைக் கடையில் நின்று படித்திருப்பான். ஒரு வரிக்கு 5 கோபெக் கூலி. நூறு கோபெக் சேர்ந்தால் ஒரு ரூபிள்.

1882-ல் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்த 'அஸ்கோல்கி' என்ற வாரப் பத்திரிகைக்கு மாறினார். லெய்கின் என்பவர் ஆசிரியர். வரிக்கு 8 கோபெக். ஆனால் ஒரு நிபந்தனை: கதை நூறு வரிக்கு மேல் போகக்கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுசாக எழுதினாலும் ஒரு கதைக்கு 8 ரூபிள். வரிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் யாராக இருந்தாலும் இழுத்து எழுதத்தான் பார்ப்பார்கள். (கூடுதல் தாள் வாங்கினால் மதிப்பெண் கூடும் என்று நம் பிள்ளைகள் நம்புவதில்லையா, அதுபோல.) இங்கே மேலே ஒரு மூடியும் போட்டாயிற்று. இழுக்கவும் முடியாது. நூறு வரிக்குள் ஆளும் வேண்டும், இடமும் வேண்டும், சிரிப்பும் வேண்டும், முடிவும் வேண்டும். 1883 தொடக்கத்தில் செகாவ் லெய்கினுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. நூற்றிருபது வரி வரைக்கும் போக எனக்கு அனுமதி கொடுங்கள் என்று கெஞ்சுகிறார். உலகமே பின்னால் போற்றிய அந்தச் சுருக்கம் முதலில் ஒரு பத்திரிகை முதலாளி போட்ட அளவுகோலால் வந்தது. 'ஒரு குமாஸ்தாவின் மரணம்' என்று நாம் படிக்கும் கதை, தும்மியதால் செத்துப்போகிற அந்த எழுத்தர் கதை, இந்தப் பத்திரிகையில்தான் 1883-ல் வந்தது. நம் வார இதழ்களின் ஒரு பக்கக் கதையைக் கேலி பேசுகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

அப்போது அவர் பெயர் செகாவ் இல்லை. அந்தோஷா செகோந்தே. கதைக்குப் புனைபெயர், மருத்துவத்துக்குச் சொந்தப் பெயர்.

1886 மார்ச் 25 அன்று இந்த செகோந்தேவுக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியவர் திமித்ரி கிரிகரோவிச். அறுபதைத் தாண்டிய பெரிய எழுத்தாளர். உங்களிடம் இருப்பது உண்மையான திறமை, உங்கள் தலைமுறையில் யாரிடமும் இல்லாதது, அவசர வேலையை நிறுத்துங்கள், வருமானம் குறைந்தால் நாங்கள் அந்தக் காலத்தில் கிடந்ததுபோலப் பட்டினி கிடங்கள், மனசில் பதிவதைச் சேர்த்து வைத்து நிதானமாக எழுதுங்கள், சொந்தப் பெயரில் எழுதுங்கள் என்றெல்லாம் சொன்னார்.

செகாவ் மூன்று நாளில் பதில் எழுதினார். உங்கள் கடிதம் மின்னலைப்போல் என்னைத் தாக்கியது, அழுகை வந்துவிட்டது என்றார். எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவழித்ததில்லை, தீ விபத்துச் செய்தியை நிருபர் எழுதுவதுபோல எழுதித் தள்ளியிருக்கிறேன், உங்களுக்குப் பிடித்த 'வேட்டைக்காரன்' கதையை ஆற்றுக் குளியலறையில் உட்கார்ந்து எழுதினேன் என்று ஒப்புக்கொண்டார். மாஸ்கோவில் நூற்றுக்கணக்கானவர்களைத் தெரியும், அதில் எழுத்தாளர்களும் உண்டு, ஒருவர்கூட என் எழுத்தைப் பொருட்படுத்திப் படித்ததில்லை என்றார். அந்த இடம் எனக்கு எப்போது படித்தாலும் மனசைப் பிசையும். நூற்றுக்கணக்கில் கதை அச்சாகியிருக்கிறது, ஆனால் யாரும் படித்துச் சொல்லவில்லை.

இந்த கிரிகரோவிச் சாதாரண ஆள் இல்லை. நாற்பது ஆண்டு முன்பு, 1845-ல், இவர் இளைஞராக இருந்தபோது ஒரு நண்பரோடு ஒரே வீட்டில் குடியிருந்தார். அந்த நண்பர் எழுதி முடித்த முதல் நாவலை இவர்தான் நெக்ராசவிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். இருவரும் இரவு முழுக்க மாறி மாறி உரக்கப் படித்துவிட்டு, விடியற்காலை நாலு மணிக்கு அந்த நண்பரை எழுப்பிக் கட்டிப்பிடித்தார்கள். அந்த நண்பர் தஸ்தயேவ்ஸ்கி. நாவல் 'ஏழை மக்கள்'.

அதற்கும் முன்னால் தஸ்தயேவ்ஸ்கி இவருக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார். பீட்டர்ஸ்பர்க் தெருக்களில் இசைப்பெட்டி வாசித்துப் பிழைப்பவர்களைப் பற்றி கிரிகரோவிச் ஒரு கட்டுரை எழுதினார். மேலே ஜன்னலிலிருந்து போட்ட காசு வாசிப்பவன் காலடியில் விழுந்தது என்று அதில் வருகிறது. தஸ்தயேவ்ஸ்கிக்கு அது போதவில்லை. வெறுமனே விழுந்தது என்றால் எப்படி, காசு கல்தரையில் கணீரென்று பட்டுத் துள்ள வேண்டாமா என்று கேட்டார். கிரிகரோவிச் இதை மறக்காமல் வயதான காலத்தில் தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தார்.

இப்போது செகாவிடம் வருவோம். கிரிகரோவிச்சின் கடிதம் வந்த ஒன்றரை மாதத்தில், 1886 மே 10 அன்று, செகாவ் தன் அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதினார். அண்ணனும் எழுதுகிறவர். நிலா வெளிச்சத்தை வருணிக்க வேண்டுமானால் பொதுவாக அழகு அழகு என்று எழுதாதே, மில் அணைக்கட்டில் ஒரு உடைந்த பாட்டில் துண்டு மினுக்குவதைக் காட்டு, நாய் போன்ற ஒரு நிழல் உருண்டு ஓடுவதைக் காட்டு, நிலா வந்துவிடும் என்றார். காசின் சத்தமும் பாட்டில் துண்டின் மினுக்கமும் ஒன்றுதான். ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கிரிகரோவிச்சின் குறிப்புகள் அதற்குப் பிறகுதான் அச்சாயின. நல்ல தச்சர்கள் இரண்டு ஊரில் ஒரே மாதிரி இணைப்புப் போடுவதில்லையா, அப்படித்தான். அந்தப் பாட்டில் துண்டைச் செகாவ் தன் கதையிலும் பயன்படுத்தினார். பத்தாண்டு கழித்து 'கடற்பறவை' நாடகத்தில் ஓர் இளம் எழுத்தாளன், புகழ்பெற்ற எழுத்தாளனின் இந்த உத்தியை நினைத்து ஏங்குவதாகவும் எழுதித் தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டார்.

கிரிகரோவிச்சின் யோசனையில் எனக்கு ஒரு குறை உண்டு. பட்டினி கிட என்று சொன்னாரே, அது. சொன்னவர் நில உடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். கேட்டவர் தலையிலோ அப்பா, அம்மா, தங்கை, தம்பி எல்லோரும். செகாவ் அந்த யோசனையில் பாதியை எடுத்துக்கொண்டார். எழுதுவதைக் குறைத்தார், நேரம் எடுத்துக்கொண்டார், ஆனால் பட்டினி கிடக்கவில்லை. சுவோரினின் 'நோவயே விரேம்யா' நாளிதழ் வரிக்கு 12 கோபெக் கொடுத்தது, நூறு வரி மூடியும் போடவில்லை. அதில் எழுதினார். 1888-ல் 'ஸ்தெப்பி' நெடுங்கதை கனமான மாத இதழில் வந்தது. அதே ஆண்டு புஷ்கின் பரிசில் பாதி, 500 ரூபிள், கிடைத்தது. அதற்கும் கிரிகரோவிச் பரிந்து பேசியிருந்தார். பெரியவரைக் குறை சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

பிறகு செகாவிடம் கையெழுத்துப் படிகள் வந்து குவியத் தொடங்கின. அவர் யோசனை சொன்ன முறையில் ஒன்றைக் கவனியுங்கள். யாரையும் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. திருத்திக் கொடுப்பார், கூடவே எங்கே அனுப்பலாம் என்றும் சொல்வார், பல நேரம் தானே அனுப்பிவிடுவார். 1889-ல் யால்தாவில் ஷவ்ரோவா என்ற பதினைந்து வயதுப் பெண் கொண்டுவந்து கொடுத்த கதையைத் திருத்தி சுவோரினின் நாளிதழில் போட வைத்தார். லிதியா அவீலவா என்ற எழுத்தாளருக்கு 1892-ல் எழுதிய கடிதங்களில், துயரப்படுகிறவர்களைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் குளிர்ந்த மனதோடு எழுதுங்கள், அப்போதுதான் அவர்கள் துயரம் எடுப்பாகத் தெரியும் என்றார். கூட அழாதே என்பதுதான் சுருக்கம். கதையை முடித்ததும் தொடக்கத்தையும் முடிவையும் அடித்துவிட வேண்டும், நாம் அதிகம் பொய் சொல்வது அங்கேதான் என்று அவர் சொன்னதாக புனின் எழுதியிருக்கிறார்.

இந்தச் சமயத்தில்தான் கார்க்கி வருகிறார். 1868-ல் நிழ்னி நோவ்கரதில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அனாதை. பத்து வயதுக்கு மேல் தன் வயிற்றைத் தானே கழுவியவர். கப்பலில் பாத்திரம் கழுவினார், ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தார், நாடு முழுக்க நடந்தார். தொடக்கத்தில் அவருக்குக் கைகொடுத்தவர் கொரலேன்கோ. 1898-ல் கதைகள் இரண்டு தொகுதிகளாக வந்தன. அதை நிழ்னியிலிருந்து யால்தாவில் இருந்த செகாவுக்கு அனுப்பி வைத்தார். காசநோய்க்காக மருத்துவர்கள் சொல்லி செகாவ் அங்கே குடியேறிய நேரம்.

1898 டிசம்பர் 3 அன்று செகாவ் எழுதிய பதிலை எழுத வருகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். முதலில் மனசாரப் பாராட்டுகிறார். பிறகு குறைக்கு வருகிறார். உங்களிடம் அடக்கம் போதவில்லை, நாடகம் பார்க்க வந்தவர் ஆரவாரம் செய்து தானும் கேட்காமல் பிறரையும் கேட்கவிடாமல் செய்வதைப்போல எழுதுகிறீர்கள் என்கிறார். இயற்கை வருணனையில் அது அதிகம் தெரிகிறது என்று சொல்லி, கார்க்கிக்குப் பிடித்த மிருதுவான சொற்கள் சிலவற்றை எடுத்துக் காட்டுகிறார். அடுத்த மாதக் கடிதத்தில், ஒரு செயலை மிகக் குறைந்த அசைவில் ஒருவர் செய்து முடித்தால் அதுதான் நளினம், உங்கள் எழுத்தில் அசைவு கூடுதலாக இருக்கிறது என்கிறார். களத்தில் நெல் தூற்றும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பழகியவர் கையில் முறம் அலட்டிக்கொள்ளாது.

அதே கடிதத்தில் கடலுக்கு மூச்சு விடுவதும் வானத்துக்குப் பார்ப்பதுமாக மனிதக் குணம் ஏற்றுவதைக் குறையுங்கள் என்றார். பொழுது சாய்ந்தது, இருட்டியது, மழை பெய்தது என்று எளிமையாகச் சொன்னாலே இயற்கை வந்துவிடும் என்பது அவர் கட்சி. கார்க்கியின் 'மால்வா' என்ற கதை கடல் சிரிப்பதாகத்தான் தொடங்குகிறது.

1899 செப்டம்பர் 3 கடிதம் இன்னும் நேரடியானது. அச்சுக்குப் போகும் முன் மெய்ப்புப் பார்க்கும்போது அடைமொழிகளை வெட்டுங்கள் என்கிறார். அவர் கொடுத்த எடுத்துக்காட்டை நம்மூர்ப்படுத்திச் சொல்கிறேன். "கிழவர் திண்ணையில் உட்கார்ந்தார்" என்றால் படிப்பவர் மனசில் கிழவர் உடனே உட்கார்ந்துவிடுவார். "உயரமான, மார்பு ஒடுங்கிய, நரைத்த தாடி வைத்த கிழவர் அங்கங்கே பெயர்ந்துபோன பழைய திண்ணையில் சத்தமில்லாமல், தயங்கித் தயங்கி, சுற்றுமுற்றும் பார்த்தபடி உட்கார்ந்தார்" என்றால், அவர் உட்கார்ந்து முடிப்பதற்குள் நமக்குக் கால் வலித்துவிடும். கதை ஒரே நொடியில் மனசுக்குள் இறங்க வேண்டும் என்பது செகாவ் எண்ணம். நூறு வரிக்குள் எழுதிப் பழகிய கை இப்படித்தானே சொல்லும்.

கார்க்கி கோபித்துக்கொள்ளவில்லை. முறையாகப் படித்தவன் இல்லை என்பதை மறைக்காமல், தண்டவாளம் இல்லாத ரயில் எஞ்சின் நான் என்று தன்னையே சொல்லிக்கொண்டார். 1899 மார்ச்சில் இருவரும் யால்தாவில் நேரில் சந்தித்தார்கள். அந்த ஆண்டு எழுதிய 'ஃபமா கர்தேயெவ்' நாவலை செகாவுக்கே சமர்ப்பித்தார். அவரை நாடகம் எழுதச் சொல்லித் தூண்டியதிலும் செகாவுக்குப் பங்கு உண்டு. யால்தாப் பழக்கத்தைப் பற்றி கார்க்கி பிறகு எழுதிய குறிப்பு, செகாவ் கிராமத்துப் பள்ளி ஆசிரியர்களைப் பற்றிப் பேசியதில்தான் தொடங்குகிறது. நோயாளி ஆசிரியர்களுக்கு ஒரு நல்ல ஓய்வில்லம் கட்ட வேண்டும் என்பது செகாவின் ஆசை. அரைப் பட்டினியில் கிடக்கும் ஆசிரியரால் நாடு எப்படி உருப்படும் என்று ஆதங்கப்படுகிறார். வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு இதைத் தாண்டிப்போக மனம் வராது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

கார்க்கிக்கு வெட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் செகாவ் தன் எழுத்து முழுவதையும் விற்றார். 1898 அக்டோபரில் அப்பா இறந்தார். யால்தாவில் மனை வாங்கியாயிற்று, வீடு கட்டப் பணம் வேண்டும். நோய் வேறு. இன்னும் எத்தனை நாள் என்று ஒரு மருத்துவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் சார்பில் செர்கேயென்கோ என்ற நண்பர் பீட்டர்ஸ்பர்கில் பேரம் பேசினார். 1899 ஜனவரி 26 அன்று அடோல்ஃப் மார்க்ஸ் என்ற பதிப்பாளருடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. (அந்த மார்க்ஸ் இல்லை. நானும் மார்க்சிஸ்ட் ஆகிவிட்டேன் என்று செகாவே இதை வைத்துக் கிண்டல் அடித்துக்கொண்டார்.) மொத்தத் தொகை 75,000 ரூபிள், தவணை முறையில். அதுவரை எழுதியது எல்லாம் மார்க்சுக்கு. இனி எழுதப்போவதும் ஏதாவதொரு இதழில் ஒரு முறை வந்தபின் மார்க்சுக்கே. புதியவற்றுக்கு ஒரு பாரத்துக்கு, அதாவது 16 பக்கத்துக்கு, 250 ரூபிள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை 200 ரூபிள் கூடும். நாடகங்கள் மேடையேறினால் வரும் பணம் மட்டும் செகாவுக்கு.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடுமே, இவர் நெடுநாள் வாழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்று மார்க்ஸ் தரப்பு யோசித்தது. எண்பது வயதுக்கு மேல் வாழமாட்டேன் என்று வாக்குக் கொடுப்பதாக செகாவ் தந்தி அடித்தார். கையெழுத்தாகும்போது அவருக்கு 39 வயது. ஐந்தரை ஆண்டில் இறந்துபோனார்.

75,000 சின்னத் தொகையா? இல்லை. வரிக்கு 8 கோபெக் வாங்கியவருக்கு அது மலை. கடன் அடைந்தது, வீடு எழும்பியது. விற்காதீர்கள் என்று சுவோரின் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. அதற்காக செகாவை அவசரப்பட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் நோயும், தலையில் குடும்பமும், பாதி கட்டிய வீடும் இருப்பவனுக்கு இன்றைய மொத்தப் பணம் நாளைய ராயல்டியை விடக் கனமானது. நம் எழுத்தாளர்கள் எத்தனை பேர் அவசரத்துக்கு ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு உரிமையை எழுதிக் கொடுத்தார்கள் என்பது பதிப்புலகம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் மார்க்ஸ் கணக்குத் தெரிந்தவர். 'நீவா' என்ற படவிதழ் வார ஏடு அவருடையது. சந்தாதாரர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டினார்கள். சந்தா கட்டினால் பெரிய எழுத்தாளர்களின் தொகுப்பு இலவச இணைப்பு. 1903-ல் செகாவையும் அப்படிக் கொடுத்தார். வீடுதோறும் செகாவ் போய்ச் சேர்ந்தார், மகிழ்ச்சிதான். எழுதியவருக்கு அதில் ஒரு கோபெக் கிடையாது.

வேலை மட்டும் செகாவுக்கே. இருபது ஆண்டுக் கதைகளை எங்கெங்கோ பழைய பத்திரிகைகளில் தேடி எடுக்க வேண்டும். அவரே பிரதி வைத்துக்கொள்ளாதவர். அவீலவா உதவினார். அவர் உறவினர் நடத்திய நாளிதழின் பழைய இதழ்களிலிருந்து ஆள் வைத்துக் கதைகளைப் படியெடுத்து அனுப்பினார். குளிர்ந்த மனதோடு எழுது என்று கேட்டுக்கொண்ட அதே அவீலவா. வந்ததையெல்லாம் செகாவ் மறுபடி உட்கார்ந்து திருத்தினார். ஆரம்பகாலக் கதைகள் பலவற்றைத் தொகுப்பில் சேர்க்கவே வேண்டாம் என்று ஒதுக்கினார்.

இந்த இடத்தில்தான் கார்க்கி யோசனை சொல்ல வருகிறார். 1900-ல் அவர் 'ஸ்நானியே' பதிப்பகத்தில் பங்காளியாகச் சேர்ந்திருந்தார். நிர்வாகம் பியாத்னித்ஸ்கி. எழுதியவருக்கு லாபத்தில் பெரிய பங்கு போக வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. மூட்டை தூக்கிய காலத்திலிருந்தே கூலி என்றால் என்ன என்று கார்க்கிக்குத் தெரியும். 1901-ல் செகாவுக்கு எழுதினார்: அந்த ஒப்பந்தத்தை பியாத்னித்ஸ்கியிடம் காட்டுங்கள், வாங்கிய பணத்தை மார்க்ஸ் முகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்த வேகம் கார்க்கிக்கே உரியது. மாணவர் ஆசிரியருக்குப் பாடம் எடுக்கிறார், அதுவும் சரியான பாடம்.

செகாவ் தயங்கினார். 1903 மே மாதம் பீட்டர்ஸ்பர்க் போய் மார்க்சை நேரில் பார்த்தார். மார்க்ஸ் ஒப்பந்தத்தை மாற்றவில்லை. வைத்தியச் செலவுக்கு 5,000 ரூபிள் தருகிறேன் என்றார். செகாவ் வேண்டாம் என்றார். பிறகு தான் பதிப்பித்த புத்தகங்களில் அழகாகக் கட்டடம் செய்த ஒரு பெரிய மூட்டையைக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வந்தார் செகாவ். தானமாக வந்த பணம் கூசியது, புத்தகம் கூசவில்லை.

அவருடைய எழுத்துப் பணியின் இருபத்தைந்தாம் ஆண்டை ஒட்டி கார்க்கியும் நண்பர்களும் மார்க்சுக்கு ஒரு கூட்டு விண்ணப்பம் தயாரித்தார்கள். இவ்வளவு சம்பாதித்துவிட்டீர்கள், இந்த மனிதரை விடுவியுங்கள் என்று கேட்பது. எழுத்தாளர்கள், கலைஞர்கள் பலர் கையெழுத்திட்டார்கள். செகாவ் தடுத்துவிட்டார். ஒப்பந்தத்தில் போட்டது என் கையெழுத்து, விலை குறைவாகப் போயிருந்தால் அது என் பொறுப்பு என்பது அவர் நிலை. இதை வீண் பிடிவாதம் என்பவர்கள் உண்டு. இன்னொரு சம்பவத்தோடு சேர்த்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. 1902-ல் கார்க்கியை அறிவியல் கழகத்தின் கௌரவ உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். போலீஸ் விசாரணையில் இருப்பவர் என்று சொல்லி உடனே ரத்தும் செய்தார்கள். செகாவும் அதில் உறுப்பினர். ரத்து அறிவிப்பு கழகத்தின் பெயரில் வந்ததால் அது என் பெயரிலும் வந்ததாகிறது, அவரை வாழ்த்தியவனும் நான்தான், இரண்டையும் என் மனசாட்சி ஏற்காது என்று சொல்லி விலகினார். கொரலேன்கோவும் விலகினார். கையெழுத்து என்றால் அவருக்கு அப்படித்தான், நட்டம் வந்தாலும் சரி, பதவி போனாலும் சரி.

கடைசி நாடகமான 'செர்ரித் தோட்டம்' கார்க்கியின் ஸ்நானியே தொகுதிக்குத்தான் முதலில் போனது. ஒப்பந்தப்படி ஒரு முறை வெளியிடலாம் அல்லவா. தொகுதி தணிக்கையில் சிக்கித் தாமதமாகி 1904 வசந்தத்தில் வந்தது. அடுத்த உரிமை மார்க்சுக்கு. அவர் காத்திருக்கவில்லை. ஜூன் மாதமே நாடகத்தைத் தனியாக மலிவு விலையில் இறக்கிவிட்டார். ஸ்நானியே தொகுதியின் விற்பனை அடிபட்டது. ஜெர்மனியில் பாடன்வெய்லரில் சாகக் கிடந்த நிலையில் செகாவ் பியாத்னித்ஸ்கிக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஜூலை 2 அன்று இறந்தார்.

கார்க்கி அதற்குப் பிறகு 32 ஆண்டுகள் இருந்தார். தமிழில் ரகுநாதன் மொழிபெயர்த்த 'தாய்' மூலம் நம் ஊர்களுக்கும் வந்தார். செகாவ் தனக்குச் செய்ததை அவர் ஆயிரம் பேருக்குச் செய்தார். பெயர் தெரியாத தொழிலாளிகளும் ஆசிரியர்களும் அனுப்பிய கையெழுத்துப் படிகளைப் படித்துப் படித்துப் பதில் எழுதினார். 1930-ல் எழுதப் பழகுகிறவர்களுக்கென்றே 'இலக்கியப் பயிற்சி' என்ற இதழைத் தொடங்கினார்.

1928-ல் தான் எழுதக் கற்றுக்கொண்ட விதம் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அழகுக்கு ஆசைப்பட்டு உண்மையைத் தவறவிட்ட இடங்களை அதில் அவரே எடுத்துச் சொல்கிறார். ரொட்டிக் கடையை வைத்து எழுதிய கதையில், அடுப்பு இருந்த இடத்துக்கு நெருப்பு வெளிச்சம் வேலையாட்கள் முகத்தில் அப்படி விழாதே என்று தோல்ஸ்தோய் கண்டுபிடித்துச் சொன்னாராம். ரொட்டிக் கடையில் வேலை பார்த்தது என்னவோ கார்க்கிதான்! கடல் சிரித்ததாக எழுதிவிட்டு அதை நன்றாக இருப்பதாக நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன் என்றும் அதில் எழுதியிருக்கிறார். செகாவின் கடிதம் போய்ச் சேர்ந்து ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆகியிருந்தது. ஆனாலும் 'மால்வா'வின் அந்த முதல் வரியை அவர் அடிக்கவில்லை. இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் அந்தக் கடல் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது.